மூளை அறிவியலும் மக்கள் மன்றமும்

மூளையையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயும் நரம்பறிவியல், பிற அறிவியல் துறைகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டு நிற்கிறது. பாறையைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ புதிய செய்தி ஒன்று வெளிவரும்போது, அதைக் கேட்பவர் தம்மைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நினைவு எவ்வாறு பதிகிறது, முடிவு எப்படி உருவாகிறது, குற்றம் செய்தவரின் மண்டைக்குள் என்ன நிகழ்கிறது என்று ஆய்வகம் பேசத் தொடங்கினால், நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் குடும்பமும் அந்தப் பேச்சின் விளைவுகளைத் தாங்க நேர்கிறது. இத்துறை எழுப்பும் நன்மை தீமைக் கேள்விகளை ஆராய்வதற்கென்றே நரம்பியல் அறவியல் என்ற தனிப்பிரிவு உருவானது. 2002-இல் டானா அறக்கட்டளையின் ஆதரவில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டை அதன் முறையான தொடக்கமாக அறிஞர் பலரும் கொள்கின்றனர்.

இத்துறையை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு என்பதில்தான் உண்டு. மக்களிடம் இருப்பது அறிவுக் குறை, அதை நிரப்பிவிட்டால் அவர்கள் அறிவியலை ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணுவது ஒரு வழி. அறிவியலைப் பரப்புவோரிடையே நெடுங்காலம் கோலோச்சிய இப்பார்வையைக் குறைநிரப்புப் பார்வை எனலாம். ஒரு கருவி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அது யாருடைய தலையில் பொருத்தப்படப்போகிறதோ அவர்களையும் அழைத்து, அவர்களுடைய கேள்விகளுக்கு விடைசொல்லும் கடமையை அறிஞர்கள் ஏற்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி தவறிப்போனால் என்ன நேரும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. குற்ற விசாரணையில் மூளை அலைகளைச் சாட்சியாக்க இந்தியாவில் நடந்த முயற்சியே போதுமானது.

மூளையின் நரம்பு உயிரணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும்போது மிகச் சிறிய மின்மாற்றங்கள் உண்டாகின்றன. மண்டைத் தோலின்மேல் மின்முனைகளைப் பொருத்தி அம்மாற்றங்களை அலைகளாகப் பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். வலிப்பு நோயைக் கண்டறிய இன்று ஊர்தோறும் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. அதன் வழிவந்ததே. பின்னர் 1965-இல் சாமுவேல் சட்டனும் அவருடைய குழுவினரும், ஒருவருக்கு எதிர்பாராத அல்லது பொருளுள்ள ஒரு குறி காட்டப்படும்போது, ஏறத்தாழ 300 மில்லி நொடிகளுக்குப் பின் அலையில் ஓர் எழுச்சி தோன்றுவதை விவரித்தனர். பி300 எனப்படும் அலை அதுவே. கொலைக்கருவியின் படத்தைக் கண்டதும் சந்தேக நபரின் மூளையில் அந்த எழுச்சி தோன்றினால் அக்கருவியை அவர் முன்பே அறிந்திருக்கிறார் என்று முடிவு செய்யலாமே என்ற யோசனை இதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பார்வெல் அதை ‘மூளைக் கைரேகை’ என்ற பெயரில் முன்வைத்தார். இந்தியாவில் சம்பாடி ராமன் முகுந்தன், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மருத்துவ உளவியல் துறையில் பணியாற்றியவர், இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரு செய்தியைக் கேள்விப்பட்டு அறிந்தவரையும் அதைத் தாமே செய்து அனுபவித்தவரையும் வேறுபடுத்திக் காட்டும் என்ற உரிமைகோரலுடன் ஒரு முறையை உருவாக்கினார். பியாஸ் என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அச்சோதனையில், மின்முனைகள் பொருத்திய தொப்பியை அணிந்து சந்தேக நபர் பேசாமல் அமர்ந்திருக்க, குற்றம் நடந்த விதத்தைத் தன்மை ஒருமையில் கூறும் சிறு சிறு வாக்கியங்கள் அவர் காதில் ஒலிக்கப்படும். நஞ்சை வாங்கியது, கலந்தது, கொடுத்தது என ஒவ்வொரு செயலும் அவரே சொல்வதுபோல் வரும். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. விடையை அலைகள் சொல்லும் என்பது எதிர்பார்ப்பு.

2008 ஜூன் மாதத்தில் புனே அமர்வு நீதிமன்றம், முன்னாள் காதலருக்கு ஆர்சனிக் கலந்த உணவைக் கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு சார்ந்து நின்ற சான்றுகளுள் இச்சோதனையின் முடிவும் ஒன்று. உலக அறிவியல் இதழ்களும் சட்ட அறிஞர்களும் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்; அந்தப் பார்வையில் வியப்பைவிட அச்சமே மிகுந்திருந்தது. பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து அப்பெண்ணைப் பிணையில் விடுவித்தது. அதே 2008-இல் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, இம்முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றும் நீதிமன்றத்தில் இதைச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் கருத்துத் தெரிவித்தது. கருவியை உருவாக்கியவர் முன்பு பணியாற்றிய அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதை மறுத்தது, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புக்கு நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் திருத்தம் வருவதற்குள் ஒருவர் சிறை சென்றிருந்தார் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

வல்லுநர்கள் தயங்கியதற்கான காரணம் மிக நுட்பமானதன்று. பத்தாம் வகுப்பு படித்தவரும் அதை எளிதில் புரிந்துகொள்ளலாம். நினைவு என்பது பெட்டகத்தில் வைத்து எடுக்கும் பொருளன்று; நினைக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. உளவியலாளர் எலிசபெத் லாப்டஸ் 1974-இல் ஜான் பால்மருடன் நடத்திய ஆய்வில், ஒரே கார் விபத்துக் காட்சியைக் கண்டவர்களிடம் கார்கள் ‘மோதியபோது’ என்று கேட்டதற்கும் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்டதற்கும் வேகத்தைப் பற்றி வெவ்வேறு விடைகள் கிடைத்தன. வன்மையான சொல்லைக் கேட்டவர்களுள் கூடுதலானோர், காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் கண்டதாகக் கூறினர். 1995-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக நடக்காத நிகழ்ச்சி ஒன்று சொல்லப்பட்ட 24 பேரில் நான்கில் ஒரு பங்கினர் அதை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தனர். ஒன்றை நினைவுகூரும்போதும் அதைக் கற்பனை செய்யும்போதும் மூளையின் பல பகுதிகள் பொதுவாகவே இயங்குகின்றன. வாரக்கணக்கில் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு, தாம் செய்ததாகச் சொல்லப்படும் செயலை நூறு முறை கேட்டு, நூறு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்த ஒருவருடைய மூளை அலை, செய்தவருடைய அலையிலிருந்து உறுதியாக வேறுபடும் என்று சொல்ல எந்த ஆய்வும் வழி செய்யவில்லை. அலை எழுந்தது என்பது அளவீடு. அவர் கொன்றார் என்பது பொருள்கோடல். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை மக்களுக்கு உணர்த்துவதே நரம்பறிவியல் கல்வியின் முதற்பாடமாக இருக்க வேண்டும்.

2010 மே 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வின் வழியாகத் தன் முடிவை அறிவித்தது. மயக்க மருந்து செலுத்திப் பேசவைக்கும் நார்கோ சோதனை, நாடித் துடிப்பையும் வியர்வையையும் அளந்து பொய்யைக் கணிக்க முயலும் பாலிகிராப், மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவை இங்கே பொருத்திக்காட்டுவது எளிதாக இருக்கவில்லை. கைரேகையையும் கையெழுத்தையும் பெறுவது சாட்சியம் சொல்லவைப்பதாகாது என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது; மூளை அலை கைரேகையைப் போன்றதா, வாய்மொழியைப் போன்றதா என்பதே வழக்கின் முடிச்சு. அலையிலிருந்து பெறப்படுவது உடலின் அடையாளமன்று, மனத்தின் உள்ளடக்கம். ஆதலால் அது சாட்சியமே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வாய் பேசாமலே ஒருவர் சாட்சி சொல்லிவிட முடியும் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, நரம்பியல் அறவியலின் வரலாற்றில் இந்தியா எழுதிய முதன்மையான பக்கம் என்றால் மிகையாகாது. உள்ளூர் வாசகர் பலருக்கு அதைப் பற்றித் தெரியாதது வேறு செய்தி.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் மக்கள் இச்சோதனைகளைப் பற்றி அறிந்துகொண்டது தொலைக்காட்சி வழியாக. போலி முத்திரைத்தாள் மோசடி வழக்கில் நடந்த நார்கோ சோதனையின் ஒளிப்பதிவு அலைவரிசைகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. மயக்கத்தில் குழறிப் பேசுபவர் உண்மையைத்தான் பேசுவார் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு குடியேறியது. தமிழ் நாளிதழ்கள் இவற்றை இன்றும் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்றே எழுதுகின்றன. தீர்ப்புக்குப் பிறகும் இச்சோதனைகள் ஓய்ந்துவிடவில்லை. 2020-இல் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் இளம்பெண் மரண வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருக்குக் காந்திநகர் ஆய்வகத்தில் மூளை அலைச் சோதனை நடைபெற்றது. திருச்சியில் 2012-இல் நிகழ்ந்த தொழிலதிபர் கொலை வழக்கில், நீதிமன்றத்தில் சம்மதம் பெற்ற பின், 2023 ஜனவரியில் சந்தேக நபர்கள் சென்னைக்கு அழைத்துவரப்பட்டுப் பாலிகிராப் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட எல்லாருக்கும் நார்கோ சோதனை நடத்துவதாகக் காவல்துறை சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுச் செல்வி வழக்குத் தீர்ப்பை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுக்காலத் தீர்ப்பு ஒன்றைக் கீழமைப்புகளுக்கு மறுபடியும் எடுத்துச் சொல்ல நேர்ந்ததென்றால், அது மக்கள் மன்றத்தில் வேர்விடவில்லை என்றே பொருள்.

காவல் நிலையத்துக்கு வெளியிலும் இதே இடைவெளி உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் சில ஆண்டுகளுக்கு முன் ‘மிட் பிரைன் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் பயிற்சி மையங்கள் முளைத்தன. பிள்ளையின் நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும், நிறம் சொல்லும் என்று விளம்பரம் செய்து, பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்றன. நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. கண்ணசைவு, ஒலி வரும் திசைக்குத் தலை திரும்புதல், உடலியக்கத்துக்குத் தேவையான டோபமின் உற்பத்தி ஆகியவை அங்கே பயிற்சியின்றியே நடைபெறுகின்றன. அது செயலற்றுக் கிடந்தால் குழந்தை நடமாடவே முடியாது. மேடையில் நடந்ததை மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் பல ஊர்களில் விளக்கிக்காட்டினார். துணிக்கட்டு மூக்கின் மேட்டில் ஏறி நிற்பதால் மூக்கின் இருபுறமும் சிறு இடைவெளி விழுகிறது. பிள்ளை தலையைச் சற்றே நிமிர்த்தினால் மடியில் இருக்கும் தாள் அதன் வழியே தெரிகிறது. அதே தாளை நெற்றிக்கு நேராகப் பிடித்தாலோ இடைவெளியைப் பஞ்சால் அடைத்தாலோ வித்தை நின்றுவிடுகிறது. பெற்றோரை ஏமாற்றியது கண்கட்டு மட்டுமன்று, ‘மூளை’ என்ற சொல்லும்தான். 2008-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மோசமான விளக்கம் ஒன்றோடு அதற்குத் தொடர்பே இல்லாத மூளைச் செய்தி ஒன்றைச் சேர்த்ததும் பொதுமக்கள் அவ்விளக்கத்தை ஏற்கத்தக்கதாகக் கருதினர். நரம்பறிவியல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் அவ்வாறே ஏமாந்தனர், தேர்ந்த வல்லுநர்கள் மட்டும் ஏமாறவில்லை. அரைகுறைப் பாடம் பாதுகாப்புத் தராது என்பதைக் குறைநிரப்புப் பார்வை கொண்டோர் இங்கே கவனிக்க வேண்டும்.

மக்களைக் கேட்பவர்களாக மட்டுமல்லாமல் கருத்துச் சொல்பவர்களாகவும் நடத்திய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, பெல்ஜியத்தின் மன்னர் போதுவான் அறக்கட்டளை முன்னின்று 2005-லும் 2006-லும் நடத்திய ‘மனங்களின் சந்திப்பு’. ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலிருந்து, நாட்டுக்குப் பதினால்வராக, 126 பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் மூளை ஆய்வாளர்களோ மருத்துவர்களோ அல்லர். தத்தம் நாட்டிலும் பின்னர் பிரசல்ஸ் நகரிலும் கூடி, மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு விவாதித்து, தங்களுக்கு ஐயம் எழுந்த இடங்களில் வல்லுநர்களை வரவழைத்து விளக்கம் பெற்றனர். கேள்விக்குரிய பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே என்பதுதான் இதில் சிறப்பு. எதை இயல்பு என்பது, எதை நோய் என்பது, அந்தக் கோட்டை வரைவது யார் என்பதை அவர்கள் நெடுநேரம் விவாதித்தனர். சிகிச்சை எல்லாருக்கும் சமமாகக் கிடைக்குமா, மருந்து நிறுவனங்களின் வணிக நலன் ஆய்வின் திசையை மாற்றுகிறதா, கட்டுப்பாடு யார் கையில், மறுக்கும் உரிமை யாருக்கு என்பவையும் அவர்கள் எழுப்பிய வினாக்கள். 2006 ஜனவரியில் 37 பரிந்துரைகளை ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் அளித்தனர். அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி முழு முயற்சியையும் வெறும் சடங்கு என்று ஒதுக்கியோரும் உண்டு. அந்த மதிப்பீடு கடுமையானது. ஆய்வகத்தில் எழாத கேள்விகள் அங்கே எழுந்தன. கவனச்சிதறலுக்கு மாத்திரை தருவதில் மருத்துவர் காணும் சிக்கல் வேறு, வகுப்பறையில் அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாய் காணும் சிக்கல் வேறு.

மக்களிடம் கொண்டுசெல்லும் செயலே சில வேளைகளில் அறக்கேள்வியாகிவிடும். 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, அதன்பின் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஆற்றலையே இழந்த ஹென்றி மொலேசன், நினைவு ஆய்வின் வரலாற்றில் மிகுதியாக ஆராயப்பட்ட மனிதர். 2008-இல் அவர் இறந்த பின், மறு ஆண்டு டிசம்பரில், சான் டியேகோவில் மூளை ஆய்வாளர் ஜாகொப்போ அன்னேசே அவருடைய மூளையை 2,401 மெல்லிய சீவல்களாக அறுத்தார். 53 மணி நேரம் நீடித்த அப்பணி இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகி, லட்சக்கணக்கானோர் கண்டனர். அறிவியல் திறந்த கதவுடன் நடந்தது என்று அதைப் பாராட்டலாம். தாம் ஒப்புக்கொண்டதையே சில நிமிடங்களில் மறந்துவிடும் ஒருவரிடம் பெற்ற ஒப்புதல் எவ்வளவு செல்லும் என்ற கேள்வி ஒளிபரப்பில் இடம்பெறவில்லை.

இக்கேள்வி சென்னைக்கும் அயலானதன்று. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்னும் மூளைப் படத்தொகுப்பு, உயிருடன் பிறவாத சிசுக்களின் மூளையை 5,132 பிரிவுகளாக அறுத்து, உயிரணு அளவு வரை தெளிவாகக் காட்டுகிறது. கருவின் நடுமாதங்களில் மூளை எவ்வாறு உருவாகிறது என்பதை உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிப் பார்க்க இயல்கிறது. இத்தகைய தொகுப்பின் அடியில் குழந்தையை இழந்த பெற்றோரின் கொடை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் வளாகத்தின் மூளை அருங்காட்சியகத்தில், கையுறை அணிந்த பார்வையாளர் பதப்படுத்திய மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். உயிருள்ளபோது தேங்காய் வழுக்கைபோல் குழைந்திருக்கும் அப்பொருள், பார்மலினில் ஊறி இறுகி, ஒன்றே கால் கிலோவுக்கு மேற்பட்ட கனத்துடன் உள்ளங்கையை நிறைக்கிறது. மேல்பரப்பின் மடிப்புகளை விரலால் தொடும் பள்ளி மாணவர் பெறும் பாடம் எந்தப் படத்தாலும் கிடைக்காதது. அது ஒரு குடும்பம் கொடுத்த கொடை என்று மாணவருக்குச் சொல்லப்படும்போதுதான் அப்பாடம் முழுமை பெறும்.

அடுத்து வரவிருக்கும் கருவிகள் ஆய்வகத்திலும் காவல் நிலையத்திலும் நிற்கப்போவதில்லை. அவை கடைக்கு வந்துவிட்டன. 2019-இல் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளி, மாணவர்களின் கவனத்தை அளப்பதாகச் சொல்லப்பட்ட தலைப்பட்டைகளை வகுப்பில் அணிவித்தது. செய்தி பரவிப் பெற்றோரும் மக்களும் கொதித்தெழ, அந்தப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. தென்னமெரிக்காவின் சிலி 2021-இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்கும் திருத்தத்தைத் தன் அரசியலமைப்பில் சேர்த்தது; 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மனுவை ஏற்று, தலைப்பட்டை விற்ற நிறுவனம் அவருடைய மூளைத் தரவை அழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவுக்கெனத் தனி ஏற்பாடு இல்லை. நீட் பயிற்சிக்குப் பிள்ளையை விடுதியில் சேர்க்கத் தயங்காத பெற்றோர், கவனத்தை அளக்கும் பட்டை விற்பனைக்கு வந்தால் வாங்கத் தயங்குவார்களா என்பது ஐயமே. அதை இப்போதே ஊர்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசத் தொடங்குவது, பின்னொரு நாள் வழக்குத் தொடுப்பதைவிட மலிவானது.

பேசுவதற்கு அறிஞர்கள் முன்வர வேண்டும்; ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் நீடிப்பது நல்லதன்று. கேட்க வருவோரும் வெறுங்கையுடன் வர வேண்டியதில்லை. புதிய கருவி ஒன்றைப் பற்றி யார் பேசினாலும், அது உண்மையில் அளப்பது எதை, அந்த அளவிலிருந்து சொல்லப்படும் முடிவுக்கு எத்தனை படி தாண்ட வேண்டும், அது தவறினால் இழப்பு யாருக்கு என்று கேட்டாலே போதும். புனே வழக்கில் இக்கேள்விகள் தீர்ப்புக்கு முன்பு உரக்கக் கேட்கப்பட்டிருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கக்கூடும்.

செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, தேசிய மனித உரிமை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளை வாசகர் ஒவ்வொருவரும் அறிந்து, அறியாத அண்டை அயலாருக்கும் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்படுகிறது: காவல்துறை கேட்கும் சோதனைக்கு ஒருவர் சம்மதம் தரலாம், மறுக்கலாம், தர முன்வந்தால் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட வேண்டும், அந்தச் சம்மதம் நீதித்துறை நடுவர் முன்னிலையில் பதிவாக வேண்டும், சோதனையில் அவர் சொல்வது குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படாது.